ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘வேர்ல்ட் கேலக்ஸி’: கேட்டவர்கள் கேட்ட கேள்விகள்

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒரு ஞாயிறு, நண்பர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை கேட்போம். ‘ஸ்பிரிச்சுவல் ஜாஸ்’ என்ற வகையில் சேர்க்கப்படும் ‘வேர்ல்ட் கேலக்ஸி’யை இதுவரை மூன்று முறை போட்டுவிட்டேன். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறவில்லை. நாலாவது முறை வாயால் சொல்ல அலுப்பாக இருந்ததால் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

ஸ்பிரிச்சுவல் ஜாஸ்னா என்னங்க? சாமி பாட்டை சாக்ஸபோன்ல வாசிக்கிறதா?

இல்லை. 1960-களின் நடுவில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் சிலர் ஜாஸ் மேடையைப் பிரார்த்தனை இடமாகவே எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். சிறு வயதில் தேவாலயத்தில் கேட்ட பாட்டு, ஆப்பிரிக்கத் தாளம், இந்தியத் தம்பூரா சுருதி எல்லாம் அதில் கலந்தன. சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1964 டிசம்பரில் பதிவு செய்த ‘எ லவ் சுப்ரீம்’தான் பலருக்கும் முதல் அடையாளம். அதன் கடைசிப் பகுதியில், தான் எழுதிய ஒரு தோத்திரத்தை அசை அசையாக சாக்ஸபோனிலேயே ‘சொல்கிறார்’. வாயால் ஒரு சொல் வராது.

‘ஸ்பிரிச்சுவல் ஜாஸ்’ என்ற பெயரைக் கடையில் ஒட்டும் சீட்டாக மட்டும் பாருங்கள். அந்தப் பெயரில் இன்று விற்பதெல்லாம் ஒரே மாதிரி இருக்காது.

சரி, இந்த ஆல்பம் யாருடையது? எப்ப வந்தது?

ஆலிஸ் கோல்ட்ரேன், மேலே சொன்ன ஜானின் மனைவி. 1937-ல் டெட்ராய்ட்டில் பிறந்தவர், சிறுமியாக இருந்தபோதே தேவாலயத்தில் வாசித்தவர். 1971 நவம்பரில் நியூயார்க்கில் பதிவு நடந்து, 1972-ல் இம்பல்ஸ் நிறுவனம் வெளியிட்டது. ஐந்தே உருப்படிகள், நாற்பது நிமிடத்துக்குச் சற்று மேல்.

ஆலிஸ் பியானோ, ஆர்கன், ஹார்ப், தம்பூரா எல்லாம் வாசிக்கிறார். ஃபிராங்க் லோ சாக்ஸபோன், ரெஜி வொர்க்மன் பாஸ், ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் குழுவில் இருந்த பென் ரைலி டிரம்ஸ். டிம்பனி என்கிற பெரிய செம்பு முரசை வாசிப்பவர் எலேன் ஜோன்ஸ். மறு ஆண்டே சான் ஃபிரான்சிஸ்கோ சிம்பொனியில் முதன்மை டிம்பனிக் கலைஞரானவர். இவர்களைச் சுற்றி வயலின், வியோலா, செல்லோக்கள் கொண்ட பெரிய தந்திக் குழு. கடைசி உருப்படியில் லீராய் ஜென்கின்ஸ் தனி வயலின். அதே உருப்படியில் ஒரு சாமியாரின் குரலும் உண்டு.

அந்த சாமியார் நம்ம ஊர்க்காரர்னு சொல்றீங்களே, நிஜமாவா?

நிஜம்தான். ஆலிஸின் குரு சுவாமி சச்சிதானந்தர். 1914-ல் செட்டிபாளையத்தில் பிறந்தவர், எங்கள் மாடியிலிருந்து வண்டியில் போனால் அரை மணி நேரம். பூர்வாசிரமப் பெயர் ராமசுவாமி. 1949-ல் ரிஷிகேஷத்தில் சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் வாங்கினார். அந்தச் சிவானந்தரோ பாய்க்குப் பேர்போன பத்தமடைக்காரர், மலாயாவில் டாக்டராக இருந்துவிட்டு இமயமலைக்குப் போனவர். ஆக, டெட்ராய்ட் பெண்ணின் குரு பரம்பரையில் இரண்டு தலைமுறை தமிழ்நாடு.

சச்சிதானந்தர் ஐம்பதுகளில் இலங்கையில் ஆசிரமம் நடத்தி, 1966-ல் ஓவியர் பீட்டர் மேக்ஸின் அழைப்பில் நியூயார்க் போய் அமெரிக்காவிலேயே தங்கினார். 1969 ஆகஸ்ட் 15 அன்று உட்ஸ்டாக் ராக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசிய காவி உடைக்காரர் இவர்தான். அந்தப் படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள், ஆள் செட்டிபாளையம் என்று தெரியாமலேயே.

கணவர் பேராலதானே இந்த அம்மாவுக்குப் பேரு?

இந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் வரும். ஜானைச் சந்திக்கும் முன்பே பாரிஸில் பியானோ வாசித்தவர், டெரி கிப்ஸ் என்பவரின் ஜாஸ் குழுவில் இருந்தவர். 1966-ல் கணவரின் குழுவில் மெக்காய் டைனர் விட்டுப்போன பியானோவில் உட்கார்ந்தார். அதற்கு ரசிகர்களிடம் வாங்கிய வசவும் கொஞ்சமில்லை.

1967 ஜூலையில் ஜான் கல்லீரல் புற்றுநோயில் இறந்தார், வயது நாற்பது. ஆலிஸுக்கு முப்பது நிறையவில்லை, கையில் நான்கு குழந்தைகள். அதற்குப் பிறகுதான் ஹார்ப்பைக் கையில் எடுத்துத் தன் பெயரில் ஆல்பங்கள் போடத் தொடங்கினார். உடல் மெலிந்து, தூக்கம் இல்லாமல் தவித்த அந்த ஆண்டுகளில்தான் சச்சிதானந்தரிடம் போய்ச் சேர்ந்தார். 1971 பிப்ரவரியில் அவருடைய யோகா நிறுவனத்துக்கு நிதி திரட்ட கார்னகி ஹாலில் நடந்த கச்சேரியில் வாசித்தார். அந்தப் பதிவு 2024-ல்தான் முழு ஆல்பமாக வெளிவந்தது. அவர் பெயருக்கு அவர் வாசிப்பே போதும்.

உருப்படிகளோட பேரைப் பாத்தா தலை சுத்துது. ஒலோதுமாரே, துரியா... என்ன இதெல்லாம்?

வரிசையைப் பாருங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. முதலில் ‘மை ஃபேவரிட் திங்ஸ்’: ஒரு பிராட்வே இசை நாடகப் பாட்டு, ஜான் 1960-ல் வாசித்துத் தன் சொத்தாக்கிக்கொண்டது. கடைசியில் ‘எ லவ் சுப்ரீம்’: ஜானின் தோத்திரம். நடுவில் ஆலிஸ் எழுதிய மூன்று ‘கேலக்ஸி’கள். ஒலோதுமாரே என்பது மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்களின் பரம்பொருள். அடுத்தது துரியம். மூன்றாவது சச்சிதானந்தம், குருவின் பெயர், கூடவே சத்து, சித்து, ஆனந்தம் என்ற பொருளும்.

துரியத்தை நமக்கு விளக்க வேண்டியதில்லை. நனவு, கனவு, உறக்கம் மூன்றுக்கும் அப்பாற்பட்ட நாலாம் நிலை. திருமந்திரத்தின் எட்டாம் தந்திரத்தைப் புரட்டியவர்களுக்கு அவத்தைகள் நன்றாகவே தெரியும். ஆலிஸ் தனக்கே ‘துரியா’ என்ற பெயரை வைத்துக்கொண்டார், பிறகு அது துரியாசங்கீதானந்தா ஆனது. அப்படியானால் இரண்டு முனையிலும் கணவர், நடுவில் முன்னோர் தெய்வம், தான், தன் குரு. ஆல்பம் முழுக்க ஒரு குடும்பப் படம் மாதிரி எனக்குத் தெரிகிறது. பின்னட்டையில் அப்படி எதுவும் எழுதியில்லை, இது நான் சொல்வது.

ஹார்ப்னா நம்ம யாழ்தானே?

குடும்பம் ஒன்று, ஆனால் பேரன் பேத்தி ரொம்ப வளர்ந்துவிட்டார்கள். இன்றைய கச்சேரி ஹார்ப் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும், 47 தந்திகள், காலடியில் ஏழு மிதிகள். ஏழு மிதி ஏழு ஸ்வரத்துக்கு. ஒரு மிதியை நகர்த்தினால் அந்த ஸ்வரம் எல்லா ஸ்தாயியிலும் சேர்ந்தே அரை ஸ்வரம் ஏறும் அல்லது இறங்கும். ஒவ்வொரு மிதிக்கும் மூன்று நிலை.

இதனால் ஒரு வேடிக்கை செய்யலாம். ஸ, ரி, க, ப, த என்று மோகனத்தின் ஐந்து ஸ்வரம் மட்டும் வேண்டும் என்று வையுங்கள். ஐந்தையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, மத்யமத் தந்தியை அரை ஸ்வரம் இறக்கினால் அதுவும் காந்தாரமாகவே ஒலிக்கும். நிஷாதத் தந்தியை அரை ஸ்வரம் ஏற்றினால் அது மேல் ஷட்ஜம். இப்போது கண்ணை மூடிக்கொண்டு 47 தந்தியிலும் கையை இழுத்தாலும் மோகனம் தவிர வேறெதுவும் வராது, தப்பு ஸ்வரம் விழ வழியே இல்லை. ஆலிஸ் வாசிப்பில் வரும் அந்த நீர்வீழ்ச்சி மாதிரியான இழுப்புகளுக்குப் பின்னால் இந்த மிதிகள்தான். கை ஓடுவதை எல்லாரும் பார்ப்பார்கள், கால் போடும் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

அப்போ ராகம் இருக்கா? எந்த ராகம்னு சொல்லுங்க.

போன பதிலை வைத்து இதைக் கேட்பீர்கள் என்று தெரியும். இல்லை. ஒரு ஸ்வரத் தொகுப்பில் நெடுநேரம் நிற்பது உண்டு, தம்பூரா சுருதி உண்டு, ஆனால் ராகம் என்று நாம் சொல்வதற்கு வேண்டிய கமகமும் பிடிகளும் இல்லை. ஹார்ப் தந்தியை வீணைத் தந்தி போல இழுத்து அசைக்க முடியாது. அந்த அசைவை ஆலிஸ் ஆர்கனில் தேடுகிறார். வுர்லிட்சர் ஆர்கனில் அவர் வேகமாகச் சுழற்றும் இடங்களில் எனக்கு நாகஸ்வரத்தின் பிருகா ஞாபகம் வரும். பக்கத்தில் இருந்த நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை, அது அவர் பாடு.

ஒன்று மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ‘எ லவ் சுப்ரீம்’ முதல் பகுதி நான்கு ஸ்வரத்தின் மேல் நிற்கிறது: ஸ க ஸ ம. காந்தாரம் சாதாரணம், மத்யமம் சுத்தம். ஜானின் மூலப் பதிவில் இதைத் தொடங்கிவைப்பது பாஸ். இரண்டு தடவை முணுமுணுத்துப் பழகிக்கொண்டு ஆல்பத்தின் கடைசி உருப்படிக்குப் போனால், எவ்வளவு இரைச்சலுக்கு நடுவிலும் அது தலையைக் காட்டும்போது அடையாளம் தெரியும்.

ஆர்கெஸ்ட்ரா இருக்குன்னு ஆசையா உக்காந்தேன், சினிமா பின்னணி மாதிரி இனிமையா இல்லையே?

இனிமைக்காக அவர் தந்திக் குழுவைச் சேர்க்கவில்லை. அந்தக் காலத்தில் ஜாஸ் ஆல்பத்தில் வயலின்கள் என்றால் பெரும்பாலும் தனி வாத்தியத்துக்குப் பின்னால் மெத்தை விரிக்கும் வேலைதான். ஆலிஸ் அதைத் தலைகீழாக்குகிறார். குழு ஒரே ஸ்வரத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கும், திடீரென்று எல்லாம் சேர்ந்து மேலே ஏறும், உடைந்து தெறிக்கும். அதற்குள் டிம்பனி இடி. டிரம்ஸும் பாஸும் கீழே தங்கள் போக்கில் நடந்துகொண்டிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் முதல் உருப்படியில் இருக்கிறது. மெட்டு தெரிந்த மெட்டு, மூன்று மூன்றாக எண்ணும் வால்ட்ஸ் நடை. அது தலைகாட்டி, நாம் வாய்விட்டுப் பாடலாம் என்று தயாராகும்போது அடியில் தரை நழுவிவிடும். ஆர்கன் வேறு ஊருக்குப் போய்விடும். தந்திகள் சுழலும். சில நிமிடம் கழித்து, ஒன்றுமே நடக்காதது மாதிரி அதே மெட்டு திரும்பி வரும். கணவர் இதே பாட்டை மேடைகளில் ஒரு மணி நேரத்துக்கு நெருக்கமாக நீட்டிய நாட்கள் உண்டு. இவர் ஆறு நிமிடத்தில் அதே சாகசத்தைச் செய்கிறார்.

இளையராஜாவோட திருவாசகம் மாதிரின்னு நினைச்சுக்கலாமா?

பக்தியும் சிம்பொனிக் குழுவும் சேர்கிற அளவில் சரி, அதைத் தாண்டி ஒப்பிட முடியாது. 2005-ல் புடாபெஸ்ட் சிம்பொனிக் குழுவோடு வந்த அந்தப் படைப்பில் மாணிக்கவாசகரின் சொல்தான் நாயகன், இசை சொல்லைச் சுமந்து போகிறது. எல்லாம் தாளில் எழுதி வாசிக்கப்பட்டது. இங்கே சொல்லே கிடையாது, கடைசியில் வரும் சுவாமி பேச்சைத் தவிர. எழுதிய பகுதிக்கு மேல் அந்த நிமிடத்தில் தோன்றியதை வாசிப்பது பாதி. திருவாசகம் கேட்டு உருகியவர் இதையும் கேட்டு உருகுவார் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

முதல் தடவை கேட்டேன், தலைவலி வந்துச்சு. நான் என்ன தப்பு பண்ணேன்?

அநேகமாக இரண்டாவது உருப்படியில் வந்திருக்கும். ஒலோதுமாரே அப்படித்தான், ஃபிராங்க் லோவின் சாக்ஸபோன் அலறும். எனக்கும் முதல் தடவை பிடிக்கவில்லை. இப்போதும் அந்த நாலு நிமிடத்துக்காக நான் இந்த ஆல்பத்தைப் போடுவதில்லை.

மூன்றாவதில் தொடங்குங்கள், துரியா. ஹார்ப்பும் தந்திகளும் மெதுவாகத் திறக்கும். அப்புறம் நாலாவது, ஐந்தாவது. பழகிய பின் முதலிலிருந்து கேட்கலாம். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், டிம்பனியும் பாஸும் காணாமல் போய் வெறும் கீச்சொலி மட்டும் மிஞ்சும். பாதித் தலைவலிக்குக் காரணம் அதுதான்.

கடைசிப் பாட்டுல சாமி வந்து இங்கிலீஷ்ல பேசுறது இசையைக் கெடுக்குதே?

கெடுக்கிறது என்று சொல்பவர்கள் பலர், விமர்சகர்களும் அதில் உண்டு. அன்பு, இறைவனின் அன்பு என்று நிதானமாக ஒரு சிறு உரை. இசையைக் காத்திருக்க வைக்கிறது என்பது உண்மை. ஆனால் உருப்படி எது என்று பாருங்கள். மூலத்தில் ஜான் தன் தோத்திரத்தைச் சொல் இல்லாமல் ஊதினார் என்று முதல் பதிலில் சொன்னேன் அல்லவா. மனைவி அதே பாட்டில் குருவின் வாயால் சொல்லைக் கொண்டுவந்து வைக்கிறார். கச்சேரிக்கு முன் உபன்யாசம் கேட்டு வளர்ந்த நமக்கு அதில் பெரிய சங்கடம் இருக்கக் கூடாது.

பொள்ளாச்சியிலிருந்து அத்தை வந்திருந்தபோது இது ஓடிக்கொண்டிருந்தது. நாலு உருப்படி வரை அவர் அவரைக்காய் நரம்பு கிள்ளிக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. பேச்சு வந்ததும் கை நின்றது. “ஏனுங்க மாப்பிள்ளை, இது யாரு? நம்ம பக்கத்து ஆளு பேசுறாப்ல இருக்குதே?” என்றார். ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை அவருக்குப் புரியாது. செட்டிபாளையம் என்று சொன்னேன். “அதானே” என்று அடுத்த காயை எடுத்தார்.

கணவரோட பாட்டையெல்லாம் இந்தம்மா கெடுத்துட்டாங்கன்னு ஜாஸ் ஆளுங்க சொல்வாங்களாமே?

அந்தக் கோபம் இந்த ஆல்பத்தின் மேல் மட்டும் இல்லை. 1972-லேயே ‘இன்ஃபினிட்டி’ என்று ஒன்று வந்தது. ஜான் 1965, 66-ல் பதிவு செய்து வைத்திருந்த நாடாக்களின் மேல் ஆலிஸ் தந்திக் குழுவையும் ஹார்ப்பையும் ஆர்கனையும் ஏற்றிப் பதிந்தார். இறந்தவர் வாசித்ததில் கை வைப்பதா என்று கொதித்தார்கள். அந்த வழக்கில் நான் பாதி அவர்கள் பக்கம், அந்த நாடாக்களை முதலில் இருந்தபடி வெளியிட்டிருக்கலாம்.

‘வேர்ல்ட் கேலக்ஸி’ விஷயம் வேறு. இது முழுக்கப் புதிய பதிவு. ஜானின் ஒரு ஸ்வரம்கூட இதில் அழிக்கப்படவில்லை, அவர் பதிவுகள் அப்படியே கடையில் இருக்கின்றன. பாட்டு பிடிக்கவில்லை என்று சொல்லலாம், கெடுத்தார் என்று சொல்ல இடமில்லை.

நம்ம சாமி, நம்ம தம்பூரா, நம்ம துரியம். ஹிப்பி காலத்துல எடுத்து வித்தவங்கதானே இவங்களும்?

இது கடினமான கேள்வி, ஒரே வரியில் இல்லை என்று சொல்லமாட்டேன். அந்தக் காலத்தில் சிதாரை ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொண்டு போன ஆல்பங்கள் ஏராளம். ஆலிஸிடமும் சில இடங்களில் எகிப்துக் கடவுள், யொரூபாக் கடவுள், கிருஷ்ணன் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் ஒன்றுதான் என்பது அவர் நம்பிக்கை. அது எனக்குச் சில நேரம் அவசரமாகத் தோன்றும்.

ஆனால் தொட்டுக்கொண்டு போனவர் ஆசிரமம் கட்டமாட்டார். 1970 டிசம்பரில் குருவோடு இந்தியா வந்தார். எழுபதுகளில் வேதாந்த மையம் தொடங்கினார், காவி கட்டினார், எண்பதுகளில் கலிபோர்னியாவின் அகோரா ஹில்ஸில் ஆசிரமம் அமைத்தார். வணிக ஆல்பங்களை 1978-உடன் ஏறக்குறைய நிறுத்திவிட்டு, அங்கே கூடிய மக்களோடு ஞாயிறுதோறும் பஜனை பாடினார். அதன் பதிவுகள் கேசட்டாகப் பெரும்பாலும் அடியார் வட்டத்துக்குள்ளேயே இருந்தன. 2007-ல் இறக்கும் வரை அதுதான் வாழ்க்கை. விற்க வந்தவர் கடையைச் சாத்திவிட்டு முப்பது வருடம் பஜனை பாடுவாரா?

அந்த பஜனை எல்லாம் கேக்க முடியுமா? இதுக்கு அப்புறம் எதைக் கேக்கறது?

முடியும், பலவும் இணையத்தில் இசை கேட்கும் செயலிகளில் கிடைக்கிறது. கேசட்டுகளில் இருந்து தொகுத்த ஒரு ஆல்பத்தை 2017-ல் லுவாகா பாப் நிறுவனம் வெளியிட்டது. டெட்ராய்ட் தேவாலயத்தின் கைத்தட்டலும் ஆர்கனும் அப்படியே இருக்கும், வாயில் மட்டும் ராமநாமம். சின்தசைசர் ஒன்று விமானம் இறங்குவது மாதிரிக் கீழே சறுக்கும்.

நடுவழி வேண்டுமென்றால் 1977-ன் ‘டிரான்ஸெண்டென்ஸ்’. முன்பாதியில் ஹார்ப்பும் தந்திகளும், பின்பாதியில் ‘சிவாய’, ‘பஜ கோவிந்தம்’ என்று குழுப் பாட்டு. ஆர்கெஸ்ட்ரா மேலும் பிடித்துப்போனால் 1972-ன் ‘லார்ட் ஆஃப் லார்ட்ஸ்’, அதில் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘ஃபயர்பேர்ட்’ பகுதிகூட உண்டு. தந்திக் குழுவே வேண்டாம், அமைதியாக ஒரு பாஸ், தம்பூரா, ஹார்ப், சாக்ஸபோன் போதும் என்பவர்கள் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. உண்மையில் எல்லாரும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அதுதான் அடுத்த மாதம் மாடியில். பாய் நான் போடுகிறேன், கொசுவத்தி நீங்கள் கொண்டுவாருங்கள்.